இராசம்மா அக்கா திறந்துவைத்த வீதி

நாயாற்றில் லொறிக்குக் கருவாடு ஏற்றிக்கொண்டிருந்தபோது இராசம்மா அக்காவின் மகள் செல்வியின் அழைப்பு வந்தது. "மாமா, அம்மா போயிட்டாங்க" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் அடுத்ததையும் சொன்னாள்: "குளத்தடியால கொண்டுபோகச் சொல்றாங்க." எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

எங்கள் பிரதேச சபையின் முன்னாள் உறுப்பினர் இராசம்மா அக்காவை அறிந்தவர்களுக்கு அது ஏனென்று விளங்கும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

கலவரத்தில் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம் அவருடையது. காடு வெட்டி, மிளகாய் போட்டு, மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் அவருடைய ஆட்களின் பிரேதம் ஊர் வீதியால் சுடலைக்குப் போகக்கூடாது, குளக்கட்டைச் சுற்றித்தான் போகவேண்டும் என்பது ஊராரின் கட்டுப்பாடு. அவருடைய தகப்பனின் பெட்டி மாரி மழையில் அந்தச் சேற்றில் சரிந்து விழுந்தது. அக்கா அரசியலுக்கு வந்தது அன்றைக்குத்தான் என்று நான் நினைக்கிறேன்.

சபையில் அவருக்கும் எனக்கும் காற்றாடியின் காற்று எட்டாத மூலையில் கதிரை போட்டார்கள். அவர் மலைநாட்டார், நான் இடம்பெயர்ந்து திரும்பி வந்த முஸ்லிம்; என்னை எங்கள் வழக்கப்படி 'நானா', அண்ணன், என்று கூப்பிடுவார். பிறகு அந்தச் சபையில் அதிகம் சத்தம் வந்தது அந்த மூலையிலிருந்துதான்.

வீதிப் பிரச்சினையை அவர் எடுத்ததும் மூத்த உறுப்பினர் ஒருவர் நயமாகச் சொன்னார்: "தங்கச்சி, இதைச் சண்டையாக்காதேங்கோ. குளத்தடியால நல்ல கொங்கிறீற் பாதை போட்டுத் தாறம்."

"போடுங்கய்யா, சந்தைக்குப் போக வசதியா இருக்கும்" என்றார் அக்கா. "பொணம் ஊர் ரோட்டுலதான் போகும்."

தீர்மானம் நிறைவேறியது. வீதி சபைக்குச் சொந்தமானது, எல்லோருக்கும் பொது. கிரவல் கொட்டினார்கள், விளக்குப் போட்டார்கள். ஆனால் பிரேதத்தோடு அதில் இறங்க ஒருவருக்கும் துணிவு வரவில்லை. "திறப்பு விழா வைக்கேல்லையோ?" என்று நான் பகிடியாகக் கேட்டேன்.

"வைப்பேன், நானா. படுத்துக்கிட்டே வைப்பேன்" என்றார்.

அடுத்த தேர்தலில் கட்சி அவரைக் கழற்றிவிட்டது. சுயேச்சையாக நின்று தோற்றார். தோற்ற பிறகும் சபை கூடும் நாளெல்லாம் வந்து பார்வையாளர் பக்கம் உட்கார்ந்துகொள்வார். "வீட்டிலை இருந்து ஓய்வெடுங்கோவன்" என்று தவிசாளர் சொன்னபோது, "நான் பாத்துக்கிட்டு இருந்தாத்தான் நீங்க ஒழுங்கா இருப்பீங்க" என்றார். சபையே சிரித்தது. தவிசாளர் மட்டும் சிரிக்கவில்லை.

செத்த வீட்டுக்கு அதே கட்சி கொடியோடு வந்தது. வாய் நிறையப் புகழ்ந்தார்கள். பிறகு மெதுவாக, "பிரச்சினை வேண்டாம், குளத்தடியால போவம்" என்றார்கள். பிரேத வாகனத்தின் சாரதியும் ஊர் வீதித் திருப்பத்தில் வண்டியை நிறுத்திவிட்டார். பெண்கள் சுடலைக்கு வருவதில்லை. செல்வி வந்திருந்தாள். "அம்மாவை இறக்குங்க" என்றாள்.

எங்கள் ஆட்கள் ஜனாசாப் பெட்டியைத் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமப்பார்கள். ஒருவர் களைக்குமுன் அடுத்தவர் தோள் கொடுப்பார், பெட்டி நிலத்தில் படாது. அப்படியே செய்வோம் என்று முன் பக்கத்துக்குத் தோள் கொடுத்தேன். பாதி வழியில் உழவு இயந்திரம் ஒன்று குறுக்கே நின்றது. அதில் இருந்தவன் கேட்டான்: "எவ்வளவு நேரம் காவிக்கொண்டு நிப்பியள்?"

"எங்களிட்டத் தோள் நிறைய இருக்கு, தம்பி" என்றேன்.

நின்றோம். வெயில் சுட்டது. ஆள் மாறியது, தோள் மாறியது, அக்கா கீழே இறங்கவில்லை. மிளகாய்த் தோட்டங்களிலிருந்து இன்னும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். கடைசியில் அவன் வண்டியைப் பின்னுக்கு எடுத்தான். வீட்டுப் படலைகள் எல்லாம் சாத்திக் கிடந்தன. கிடக்கட்டும். நாங்கள் வீதியால் போனோம்.

போன கிழமை அவருடைய அயலில் ஒரு கிழவர் இறந்தார். யாரும் யாரிடமும் கேட்கவில்லை, ஊர் வீதியால்தான் கொண்டுபோனார்கள்.

அக்காவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அந்த வீதியைத்தான். என் மையத்து அதில் போகாது, எங்கள் மையவாடி வேறு பக்கம். ஆனால் இனி அங்கே யாருடைய பெட்டியையாவது மறிக்க நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும்: கருவாட்டு லொறியை நடு வழியில் விட்டுவிட்டு வருவேன். தோள் இன்னும் இருக்கிறது.