படித்துவிட்டுச் சொல்கிறேன்

ஈப்போவில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்குக்கு மேலே உள்ள அறையில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்மையில் படித்த புத்தகங்களைப் பற்றிப் பேச நாங்கள் சிலர் கூடுகிறோம். ஆளுக்குப் பத்து நிமிடம். பிறகு கறிபாப், தேத்தண்ணீர். அங்கே வருபவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்து ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்த்த குடும்பங்கள். அவர்கள் வீட்டில் புத்தக அலமாரி என்பது நாற்காலி மேசை மாதிரி, எப்போதும் இருப்பது. எங்கள் வீட்டின் முதல் அலமாரியை நான்தான் வாங்கினேன். அது வந்து இறங்கிய அன்று, பாத்திரம் அடுக்க வசதியாக இருக்கும் என்றார் அம்மா.

கூட்டத்தை நடத்துபவர் ஒரு முன்னாள் ஆசிரியை. எல்லோருக்கும் அவர் டீச்சர். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் டீச்சர் ஒரு துணிப்பையைத் திறந்து, அடுத்த மாதம் யார் எதைப் படிப்பது என்று எடுத்துக் கொடுப்பார். கல்யாணத்துக்குப் பார்ப்பதுபோல் ஆளுக்கும் புத்தகத்துக்கும் பொருத்தம் பார்ப்பார். கோயில் கமிட்டியில் இருப்பவருக்குப் பக்தி நூல். பொதுப்பணித் துறையில் பொறியியலாளராக இருந்து ஓய்வுபெற்ற அங்கிளுக்குக் கடல், கப்பல், பாலம், பயணம். எனக்கு ரப்பர் தோட்டம்.

நான் சேர்ந்த நாளிலிருந்து தோட்டம்தான். தோட்டத்து நாவல், தோட்டத்துச் சிறுகதைகள், தோட்டத்துக் கவிதைகள். பேசி முடித்ததும் யாராவது ஒருவர் கேட்பார்: "உண்மையா அப்படித்தானா இருந்தது?" புத்தகம் எப்படி என்று என்னிடம் யாரும் கேட்டதாக நினைவில்லை.

நான் பிறந்தபோது அம்மா வேலை செய்த தோட்டமே இல்லை. ரப்பர் மரங்களை வெட்டி, நிலத்தை வீடு கட்ட விற்று, ஆட்களை வெளியேற்றியபோது நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். நான் வளர்ந்தது சுங்கை சிப்புட்டில் ஒரு மலிவுவிலை அடுக்குமாடியின் நான்காவது மாடியில். எனக்குத் தெரிந்த மரம் கார் நிறுத்துமிடத்தில் இருந்த ஒரு மாமரம். அதிலும் காய் பழுக்கும் முன்பே கல் விழும். தோட்டத்தைப் பற்றி அம்மா பேசுவதில்லை. கேட்டால், "அத வெச்சி இப்ப என்னா செய்யப் போற?" என்பார். விடிகாலையில் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீடு, பால் வாளி எல்லாமே டீச்சர் கொடுத்த புத்தகங்களிலிருந்து நான் தெரிந்துகொண்டவை. இதை அவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். "எண்டாலும் உம்முடைய ரத்தத்தில இருக்குதானே, பிள்ளை," என்றார் டீச்சர்.

போன வருடம் அவர் ஒரு புது நாவலைக் கையில் வைத்தபோது நான் மறுத்துப் பார்த்தேன். பனிக்கடலில் மாட்டிக்கொண்ட கப்பலின் சமையல்காரனைப் பற்றி ஒரு மொழிபெயர்ப்பு நாவல் படித்திருந்தேன். அதைப் பற்றிப் பேச ஆசை.

"அதை ஆரும் பேசலாம். இதை நீர்தான் பேச வேணும். எழுதினவரும் வாறார்," என்றார் டீச்சர். அவர் குரலில் மரியாதைதான் இருந்தது. அதனால்தான் எதிர்த்துப் பேச முடியவில்லை.

தஞ்சோங் மாலிமில் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து, ஈப்போவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் வரலாறு சொல்லித் தருகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கப் போவதில்லை. ஆனால் பெருமை அசதியைப் போக்குவதில்லை. வகுப்பு, விடைத்தாள், கணினியில் ஏற்ற வேண்டிய விவரங்கள், சனிக்கிழமை புறப்பாடம். அந்த நாவலை நான் படித்தது பள்ளித் திடலோரம் காருக்குள் உட்கார்ந்து, வலைப்பந்துப் பயிற்சி முடியும்வரை. கண் எரிந்தது. பக்கங்கள் நகரவில்லை. ஆனாலும் ஒரு வரி விடாமல் படித்தேன். படிக்காமல் பேசும் ஆட்கள் அந்த அறையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது குறையில்லை. எனக்கு அப்படி ஒரு சலுகை கிடைக்காது என்று தெரியும்.

நாவலில் ஒரு பால்வெட்டும் பெண். கணவன் குடிக்கிறான், குழந்தை சாகிறது, அவள் அழுகிறாள். மழை பெய்கிறது, அழுகிறாள். கடைசியில் செத்தும் போகிறாள். மழையை அவர் நன்றாக எழுதியிருந்தார். தோட்டத்து நாய்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் இருந்தது. அவளுக்குத்தான் எதுவும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் என்னோடு வந்தார். ஈப்போவில் ஒரு தையல்காரியிடம் ரவிக்கை வாங்க வேண்டியிருந்தது. கூட்டம் முடிந்து போகலாம் என்று ஏற்பாடு. அம்மா ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறார். ஒரே விடுமுறை நாள். காரில் ஏறும்போதே சொல்லிவிட்டார்: "நீ பேசு. நான் ஒரு மூலைல குந்திக்கிறேன். என்ன யாருக்கும் காட்டாத லா."

ஆனால் டீச்சர் விடவில்லை. "அம்மாவோ? வாங்கோ, வாங்கோ," என்று மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கிளினிக்கில் நம்பர் கூப்பிடக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

எழுத்தாளர் அம்மாவைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவராக இருப்பார். வெள்ளைச் சட்டை, அமைதியான பேச்சு. என்னைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னார். எனக்கு அவரைப் பிடித்தது. பிடித்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

டீச்சர் என்னை அறிமுகம் செய்தார். "எங்கட தோட்டத்துப் பிள்ளை. இவவின்ர வாயால கேட்டாத்தான் இந்தப் புத்தகத்துக்குப் பெறுமதி."

எழுந்து நின்றேன். தோட்டம் எனக்குத் தெரியாது, அது சரியா தப்பா என்று சொல்ல என்னால் ஆகாது, படித்த ஒருத்தியாக மட்டும் பேசுகிறேன் என்று தொடங்கினேன். மழையைச் சொன்னேன், நாய்களைச் சொன்னேன். எழுத்தாளர் தலையசைத்தார். பிறகு சொன்னேன்: "சார், இத்தன பக்கத்துலயும் அந்தப் பொண்ணு ஒரு தடவகூட சிரிக்கல. யாரயும் திட்டல. அவளுக்குப் பசிக்கவே இல்ல. அழறா, அழறா, அவ்ளோதான். கத அவ வீட்டுக்குள்ளயே போக மாட்டேங்குது. எங்கயோ கொஞ்சம் உசரத்துல நின்னு, அவ தண்ணி எடுக்கப் போறதயும் வரதயும் பாத்துக்கிட்டே இருக்கு. அதுனால அவ செத்தப்போ எனக்கு ஒன்னும் தோணல. நாய் செத்தப்போதான் கஷ்டமா இருந்திச்சி."

அங்கிள் மட்டும் லேசாகச் சிரித்தார். டீச்சர் அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பு அடங்கியது.

எழுத்தாளர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சின்னப் பொண்ணு," என்றார். "அந்தக் கஷ்டத்த நீங்க பாத்ததில்ல. நான் கண்ணால பாத்தேன். எங்கப்பா தோட்டத்துக் கிராணி. எங்க வீடு மேட்டு மேல. வாசல்ல நின்னா லயத்துல நடக்குற அத்தனையும் தெரியும். ஒன்னயும் நான் கற்பன பண்ணல." பிறகு என் அம்மாவின் பக்கம் திரும்பினார். "அம்மா நீங்க சொல்லுங்க. நீங்க பால் வெட்டுனவங்கதானே? அப்படித்தான இருந்தீங்க?"

அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

யாரும் அவரை எழச் சொல்லவில்லை. நான் நின்று பேசினேன், அது பேசுபவரின் முறை. அம்மா எழுந்தது வேறு. மடியிலிருந்த கைப்பை நழுவி விழுந்தது, அதைக்கூட எடுக்கவில்லை. சேலை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி, "ஆமாங்கய்யா. ஐயா சரியாத்தான் எழுதியிருக்கீங்க," என்றார். கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடும்போது ஆட்கள் எப்படி நிற்பார்கள் என்று நான் எத்தனையோ புத்தகத்தில் படித்திருக்கிறேன். பார்த்ததில்லை. பார்த்தது அன்றைக்குத்தான், பல் மருத்துவரின் மாடியில்.

"பாத்தீங்களா," என்றார் எழுத்தாளர் என்னைப் பார்த்து, மெதுவாக, வெற்றி என்ற எண்ணமே இல்லாமல். அறையில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. சாட்சி சொல்லியாகிவிட்டது. டீச்சர் கைதட்டத் தயாராக இருந்தார்.

எனக்கு உட்கார்ந்துவிட வேண்டும்போல் இருந்தது. கால் வலித்தது. இனி என்ன பேசினாலும் அம்மாவை எதிர்த்துப் பேசுவதாக ஆகும். பேசாவிட்டால், இனி எந்தப் புத்தகத்தைப் பற்றியும் இந்த அறையில் எனக்குச் சொந்தமாக ஒரு கருத்து இருக்காது. நான் கொண்டுவர வேண்டியது கருத்தையல்ல, அம்மாவை என்று ஆகிவிடும்.

"அம்மா, உக்காருங்கம்மா," என்றேன். அவர் உட்காரவில்லை. போய்க் கைப்பையை எடுத்துக் கொடுத்து, தோளைத் தொட்டு உட்கார வைத்தேன். பிறகு அங்கேயே, அவர் நாற்காலிப் பக்கத்தில் நின்றபடி சொன்னேன்: "சார், எங்கம்மா இந்தப் புத்தகத்தத் தொட்டுக்கூட பாத்ததில்ல. உள்ள என்னா இருக்குன்னு தெரியாமலே சரின்னு சொல்லிட்டாங்க. ஏன்னு உங்களுக்குத் தெரியும். நான் படிச்சிட்டு சொல்றேன். நீங்க பாத்தது உண்மையா இருக்கலாம். மேட்டு மேலருந்து பாத்தா அழறதுதான் தெரியும் போல. எனக்குக் கத பத்தல."

எழுத்தாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உசரத்துல நின்னுன்னு நீங்க சொன்னப்போ எங்கப்பா கிராணின்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது சார்."

அவர் கறிபாப் வந்தபோது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். அது மன்னிப்பா வருத்தமா என்று எனக்குத் தெரியாது. நான் போய்க் கேட்கவுமில்லை. சமாதானம் செய்யும் தெம்பு இல்லை.

முடிவில் டீச்சர் பையைத் திறந்தார். கோயில்காரருக்குக் கொடுத்தார். அங்கிளுக்கு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்: பழைய பாய்மரக் கப்பல்களைப் பற்றி ஏதோ. எனக்கு நீட்டியது, அட்டையில் ரப்பர் மரம்.

"இது வேணாம் டீச்சர்."

"நீர் கோவத்தில கதைக்கிறீர்."

"கோவம் இல்ல டீச்சர். களைப்பா இருக்கு." அங்கிள் முன்னால் இருந்த கப்பல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, ரப்பர் மரத்தை அவர் பக்கம் தள்ளினேன். "அங்கிள், இத நீங்க பேசுங்க."

"எனக்குத் தோட்டத்தப் பற்றி என்ன தெரியும், பிள்ளை?"

"எனக்குக் கப்பலப் பத்தித் தெரிஞ்ச அளவுதான் அங்கிள்."

அவர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் என்னைப் பார்த்தார், என் அம்மாவைப் பார்த்தார், பையின் வாயைச் சுருக்கிக் கட்டினார்.

தையல்காரியின் கடைத் தெருவில் கார் நிறுத்த இடம் தேடி நான் இரண்டாம் முறை சுற்றும்போது, அம்மா "எல்லார் முன்னாடியும் எதுக்கு என்னப் புடிச்சி உக்கார வெச்ச? சின்னப் புள்ளயா நான்?" என்றார்.

"நீங்க எதுக்கும்மா எழுந்தீங்க?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு என்னா தெரியும். கிராணி வூட்டு ஆளுன்னதும் காலு தானா எழுந்திரிச்சி." பிறகு, "வயசான மனுசன். மொகமே வாடிப்போச்சி. நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்."

"நல்லா இல்லம்மா."

"அப்ப சரி," என்றார், பாதி ஒப்புக்கொண்டவர்போல. "அந்தா, அங்க ஒரு கார் எடுக்குறான் பாரு. சீக்கிரம் போ."

அடுத்த மாதம் அங்கிள் தோட்டத்து நாவலைப் பற்றிப் பத்து நிமிடத்தைத் தாண்டிப் பேசினார். ரப்பர் பால் ஊற்றும் கொட்டகையின் கூரை அமைப்பில் அவருக்குச் சில சந்தேகங்கள் இருந்தன. உண்மையா அப்படித்தானா இருந்தது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. பிறகு நான் கப்பல் புத்தகத்தைப் பற்றிப் பேசினேன். சுமார்தான், பாய்களின் பெயர்களைத் தவிர்த்தால் பாதிப் பக்கம் குறையும், கப்பலில் போனவர்களைப் பற்றி ஒன்றுமில்லை என்றேன். கோயில்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பின்வரிசையில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். டீச்சர் கன்னத்தில் கை வைத்துக் கொட்டாவியை அடக்கினார். அந்த அறையில் எல்லோருடைய பேச்சையும் அப்படித்தான் கேட்பார்கள். நான் நிதானமாக என் பத்து நிமிடத்தையும் எடுத்துக்கொண்டேன்.