ஓரத்தை யாரு பாக்கப் போறாங்க?

போன வாரம் ஓசூர்ல ஒரு வீடியோ ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன். வாசல் போர்டுல 'சினிமா தரம்'னு கொட்டை எழுத்து. உள்ளே போனா... அதைத்தான் சொல்ல வந்தேன்.

கூட வந்தவ ராஜம்மா. பட்டறையில இருபது வருஷம் என் பக்கத்து ஸ்டூல்ல உக்காந்து அரம் பிடிச்சவ. இரும்புச் சாமான் ஓரத்துல நீட்டிட்டிருக்கிற பிசிறை ராவி எடுக்கிறதுதான் எங்க வேலை. அவ மக பவித்ராவுக்கு ஞாயித்துக்கிழமை ரிசப்ஷன். மண்டபத்துத் திரையில குடும்ப வீடியோ ஓடணும். அதுல பவித்ராவோட அப்பா வரணும்.

ராஜம்மா வீட்டுக்காரரை நான் அண்ணன்னுதான் கூப்பிடுவேன். அவர் தவறிப்போய் ரெண்டு வருஷமாச்சு. அவர் நடமாடுற வீடியோ ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. வேப்பனப்பள்ளித் தோப்புல மாங்கா அடுக்கின கிரேட்டுப் பெட்டியைத் தூக்கிட்டு, "போதும்மா, போனை வை"ன்னு சிரிப்பார்.

எடுத்தது நான். போனைக் கோணலாப் பிடிச்சிட்டேன். தோப்பே சரிஞ்சு கிடக்கு!

எடிட்டிங் தம்பி படத்தைக் கொஞ்சம் திருப்பினார். அண்ணன் நிமிர்ந்துட்டார். ஆனா, பூப்போட்ட பின்னணி மேல படத்தோட நாலு ஓரமும் ரம்பப் பல்லு!

"என்ன தம்பி, ஓரமெல்லாம் பல்லு பல்லா இருக்கு?"ன்னா ராஜம்மா.

"திருப்பினா அப்படித்தாம்மா வரும். பெருசு பண்ணிட்டா ஓரம் வெளிய போயிடும்."

பெருசு பண்ணினார். ஓரம் போச்சு. கூடவே கிரேட்டும் அண்ணன் நெத்தியும் போச்சு.

"அப்ப இதைத் தூக்கிடலாம். ஒரு போட்டோ வெச்சுக்கலாம்."

ராஜம்மா முகம் சுண்டிப்போச்சு. "போட்டோதான் சுவத்துல மாலையோட தொங்குதே தம்பி..."

"சரி, இப்படியே இருக்கட்டும். கல்யாணத்துல ஓரத்தை யாரும்மா பாக்கப் போறாங்க?"

அதுக்குள்ள போன் வந்துச்சு. கன்னடத்துல "யாரு நோட்தாரே?"ன்னார். அடுத்த போன் தெலுங்கு — "எவரு சூஸ்தாரு?" மூணு பாஷை தெரிஞ்ச மனுஷன். மூணுலயும் அவருக்கு வேண்டியிருக்கிறது 'யாரு பாக்கப் போறாங்க?'ங்கிற ஒரே வார்த்தைதான்!

பட்டறையில நாங்க இப்படிச் சொல்லியிருந்தா? சூப்பர்வைசர் கட்டை விரலால ஓரத்தைத் தடவுவார். தடுக்கினா மொத்த டிரேயும் திரும்பி வந்துடும். எங்க போர்டுல எந்தத் தரமும் எழுதல.

இவ்வளவும் மனசுக்குள்ளதான். எனக்கு எங்க வாய் வருது? உங்களுக்குத் தெரியாததா! திரையையே பாத்துட்டிருந்தேன். 'பவித்ரா'ன்னு பேரையும் சாய்ச்சுத்தான் போட்டிருந்தார். அது மட்டும் வழவழன்னு இருக்கு!

முந்தானையைத் திருகிக்கிட்டே கேட்டேன். "எழுத்துல மட்டும் பிசிறில்லையே தம்பி?"

"அது வேறம்மா. எழுத்தைச் சுத்திக் காலி இடம் இருக்கு."

"படத்தைச் சுத்தியும் துளி காலி இடம் விட்டுட்டுத் திருப்பிப் பாருங்களேன்..."

"எதுவரைக்கும் படிச்சீங்க?"

"அஞ்சாவது."

சிரிச்சார். ஆகாதுன்னு எனக்குக் காட்டறதுக்காகவே செஞ்சார். படத்தைச் சுத்தி வெறும் இடம் விட்டு, அதோட சேர்த்துத் திருப்பினார்.

சிரிப்பு நின்னுச்சு. அரம் பிடிச்சு ராவின மாதிரி வழவழன்னு ஓரம்! "சாஃப்ட்வேர் பிரச்சினைம்மா"ன்னு முனகினார். பாவம் சாஃப்ட்வேர்... அதுக்கு வாய் இல்ல, என்னை மாதிரி.

ஞாயித்துக்கிழமை மண்டபத்துத் திரையில அண்ணன் வந்தார். கிரேட்டோட, முழு நெத்தியோட. "போதும்மா, போனை வை"ன்னார். மேடையில பவித்ரா மாலையைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பி நின்னுட்டா. முன் வரிசையில ராஜம்மா எழுந்தே நின்னுட்டா.

தம்பி சொன்னது சரிதான். ஓரத்தை ஒருத்தரும் பாக்கல... பிசிறு எடுக்கிறதே அதுக்குத்தானே!