தொரையைச் சுடச் சட்டம்

என் எழுத்து மேசையில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. மூடி இல்லை, நாலு பக்கமும் நசுங்கியிருக்கிறது. நகைச்சுவைக் கட்டுரைகளுக்காக எனக்குக் கிடைத்த விருது என்று வருகிறவர்களிடம் சொன்னால் நம்பிவிடுகிறார்கள், அதுதான் வருத்தம். உண்மையில் அது பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்த என் மாமியாரின் ஆயுதம். தொழிலாளர் லயத்து வீட்டுக்குப் பின்னால் அவர் போட்டிருந்த போஞ்சிக்காய்ப் பாத்தியில் மயில் இறங்கினால், அகப்பையால் இந்த டின்னை அடித்துக்கொண்டே ஓடுவார். கீழே வெல்லவாயப் பக்கத்து வெயிலில் திரிந்த மயில்கள் மலையேறி வந்திருந்த காலம் அது. மயிலுக்கு அவர் வைத்த பெயர் ‘தொரை’. தேயிலை மலையைப் பார்வையிட வரும் தோட்டத்துத் துரையைப் போலவே கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, அடுத்தவர் உழைப்பின் நடுவே அவசரமில்லாமல் நடக்கிறதாம்.

ஒரு நாள் நான் பண்டாரவளைச் சந்தையில் நிற்கையில் தொலைபேசியில் அழைத்தார். “மருமகன், தொரையச் சுடலாம்னு சட்டம் வரப்போகுதாம். டீவியில சொல்றான்.”

நான் நிஜத் துரை என்றே எடுத்துக்கொண்டேன். கையிலிருந்த லீக்ஸ் கட்டு நழுவி விழுந்தது. “மாமி, போன்ல இதெல்லாம் பேசாதீங்க” என்று கிசுகிசுத்தேன்.

“நானா சுடப் போறேன்? கவர்மெண்டு சொல்லுது.”

மயில் என்று விளங்கியதும் வந்த நிம்மதி நிலைக்கவில்லை. தொட்டாலே குற்றம் என்று பள்ளிக்கூடத்தில் எங்களை மனப்பாடம் செய்யவைத்த பறவை அது. இப்போது பயிரை அழிக்கிறதென்று சுட அனுமதி கொடுக்க யோசிக்கிறார்களாம்.

எதிர்ப்புக் கூட்டம் முருகன் கோயில் மண்டபத்தில் நடந்தது. பேசுவதற்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மயிலுக்கும் மருமகனுக்கும் உள்ள ஒற்றுமை பற்றிய நகைச்சுவையோடு போயிருந்தேன். மாமியாரும் என் மனைவியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் எழுதி வந்த தாளைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன். அவர் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். முருகனுக்காகப் பரிந்து பேச வேண்டியதில்லை. கொழுந்து பறிக்கும் வேலையை விட்டபின் அவருடைய சாப்பாடு அந்தப் போஞ்சியில்தான். அந்த முறை முளைத்ததில் பாதிக்கு மேல் மயில் வயிற்றுக்குப் போயிருந்தது. சுடத்தான் வேண்டும் என்று சொல்லிவிடுவார் என நினைத்தேன். மடியில் டின் வேறு.

வெலிமடையில் காய்கறித் தோட்டம் செய்கிற ஒருவர் எழுந்தார். கெட்ட மனிதரல்ல; பட்ட நட்டம் அவரைப் பேசவைத்தது. “எல்லாம் கீழயிருந்து வந்ததுங்க. வந்த எடத்துல பெருகிடுச்சு. கொஞ்சத்தக் கொறச்சாத்தான் நாம பொழைக்கலாம்.”

மாமியார் எழுந்தார். “தம்பி, இதே பேச்ச நான் சின்ன வயசுல கேட்டுருக்கேன். அன்னைக்கு எங்களப் பத்தி, தோட்டத்துச் சனத்தப் பத்திப் பேசுனாங்க. வந்த எடத்துல பெருகிட்டோமாம், கொறைக்கணுமாம். எங்கண்ணன இந்தியாவுக்குன்னு டேசன்ல கோச்சி வண்டி ஏத்துனது அப்பதான். பொறவு நான் அவனப் பாக்கல.”

அவர் மகளைக் கட்டி இத்தனை வருடமாகியும் அப்படி ஓர் அண்ணன் இருந்ததே எனக்குத் தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது என்பது அவள் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது.

“தொரை என் போஞ்சியத் திங்குது. நான் வாய்க்கு வந்தபடி வையிறேன், டின்ன அடிக்கிறேன். அது எனக்கும் அதுக்கும் உள்ள வழக்கு. நடுவுல சுடுற துவக்கக் கொண்டாராதீங்க” என்று சொல்லிவிட்டு, சுட அனுமதிக்கக் கூடாதென்ற மனுவில் முதல் ஆளாகக் கையெழுத்திட்டார். வெலிமடைக்காரர் கையெழுத்துப் போடவில்லை; பேனாவை அடுத்தவரிடம் கொடுத்தார். என் நகைச்சுவை சட்டைப்பையிலேயே வேர்வையில் நனைந்தது.

மறுநாள் காலையில் மயில் மிச்சப் போஞ்சியிலும் கைவைத்தது. மாமியார் அதன் பரம்பரையையே இழுத்துத் திட்டியபடி டின்னோடு ஓடினாராம். சட்டப் பேச்சு மெல்ல அடங்கியது. பிறகொரு மழைக்காலத்தில் அவரும் அடங்கினார். டின் எனக்கு வந்தது.

போன வாரம் தொலைக்காட்சியில் கோட்டுப் போட்ட ஒருவர், மயில்கள் பெருகிவிட்டன, குறைத்தாக வேண்டும் என்று அமைதியாக விளக்கிக்கொண்டிருந்தார். நான் எழுந்ததோ, கை டின்னுக்குப் போனதோ எனக்கே தெரியாது. அடித்த சத்தம் கேட்டபிறகுதான் திடுக்கிட்டேன்.

அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்: “என்னங்க, தொரை வந்துருச்சா?”

“ஆமா,” என்றேன். “டீவியில.”