இஸ்ரேல் அணியும் எங்கள் கருவேலங்காடும்

ராமநாதபுரத்தில் நான் படித்த பெண்கள் கல்லூரி ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றம் என்றதும், மாமியார் மருமகள் விவகாரம்தான் தலைப்பாக வரும் என்று நினைத்தோம். புதிதாக வந்த வரலாற்று ஆசிரியை 'இஸ்ரேல் நாடு உருவானது நியாயமா, அநியாயமா?' என்று எழுதி ஒட்டிவிட்டார். பெற்றோராக வந்து முன்வரிசையில் உட்காரப் போகிற மிளகாய் விவசாயிகளை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

சீட்டுக் குலுக்கினார்கள். கீழக்கரையைச் சேர்ந்த என் விடுதித் தோழிக்கு இஸ்ரேல் அணி, எனக்குப் பாலஸ்தீன அணி. அவள் வாப்பா ரேடியோவில் பாலஸ்தீனச் செய்தி கேட்டுப் பெருமூச்சு விடுகிறவர். "வாப்பா காதுல விழுந்தா என்னையத் தொலைச்சுப்புடுவாகடி" என்று தலையில் கைவைத்தாள். எனக்கோ பாலஸ்தீனத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆகவே ஒரு திருட்டு ஒப்பந்தம் போட்டோம். அவள் பேச்சை நான் எழுதுவது, என் பேச்சை அவள் எழுதுவது.

எனக்கு வேலை சுலபமாக இருந்தது. எங்கள் கருவேலங்காட்டு மூலையில் முப்பது வருஷமாகக் குடிசை போட்டு, விறகை மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் ஒரு அக்காவைத் தைக்குள் காலிசெய்யச் சொல்லி என்னைப் பெற்ற அய்யா வக்கீல் நோட்டீஸ் விட்டிருந்தார். 'முன்னோர் ஆண்டு அனுபவித்த மண்' என்று அதிலிருந்த வரிகளை அப்படியே உருவினேன். ஐரோப்பாவில் யூதர்களை லட்சம் லட்சமாகக் கொன்ற கதையை நூலகத்தில் படித்துச் சேர்த்தேன். அதை வாசித்த தோழி தாளை மடித்து வைத்தாள்.

"போற எடமெல்லாம் வெரட்டுனா அவுகளும் எங்கதான்டி போவாக?" என்றாள்.

அவள் எனக்கு எழுதியதை நான் முழுதாகப் படிக்கவில்லை. சோம்பேறித்தனம்தான், வேறென்ன.

விழாவன்று அய்யா முதல் வரிசையில் இருந்தார். தோழி பேசப் பேசத் தொடையைத் தட்டி, "எம்புட்டுச் சரியாச் சொல்லுது இந்தப் புள்ள!" என்றார். அவருடைய நோட்டீஸ்தானே, சரியாகத்தான் இருக்கும்.

என் முறை வந்தது. ஐ.நா. சபை நாட்டை இரண்டாகப் பிரிக்கச் சொன்னது, பிரிட்டிஷ்காரன் கிளம்பியது, போர், வீட்டைப் பூட்டிவிட்டு ஓடிய ஜனங்கள் என்று வாசித்துக்கொண்டே போனேன். அடுத்த பக்கத்தில் ஒரு பாலஸ்தீனப் பெண் வந்தாள். கையெல்லாம் கரி. பூட்டுச் சாவியை முந்தானையில் முடிந்திருந்தாள். 'எங்கிட்டப் பத்திரம் இல்லை, நான் வச்ச வேப்பமரம் இருக்கு' என்றாள். பாலஸ்தீனத்தில் ஏது முந்தானை, ஏது வேப்பமரம்! போன பொங்கலுக்கு எங்கள் ஊருக்கு வந்த தோழி, கரிக்கார அக்காவின் குடிசையில் கருப்பட்டிக் காப்பி குடித்தது அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டேன். கூட்டமோ நான் உருகிப் பேசுவதாக நினைத்துக் கைதட்டியது. எதிர் நாற்காலியில் அந்தக் கள்ளி முக்காட்டுக்குள் சிரித்தாள்.

நடுவர் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று நழுவிக்கொண்டார்.

ஊருக்குப் போகும் பஸ்ஸில் அய்யா மெதுவாகச் சொன்னார்: "ஏத்தா, அந்தப் பொம்பள பாவம்த்தா. மூலையில ஒரு குடிசை இருந்துட்டுப் போனா நாடு கொறஞ்சா போயிரும்?"

"அது பாலஸ்தீனம் இல்லைய்யா. நம்ம காட்டுல இருக்க கரிக்கார அக்கா."

அய்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும்போது கேட்டார். "அப்ப எதிர்க்கட்சிப் புள்ளைக்கு என் நோட்டீச எடுத்துக் குடுத்தது யாரு?"

"நாந்தான்யா."

தை பிறந்ததும் அய்யா காட்டுக்கு வேலி போட்டார். வேப்பமரமும் குடிசையும் வேலிக்கு அந்தப் பக்கம், அக்காவின் பக்கம் இருந்தன.