கட்டிப்பிடித்த ஓணான்கள்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது இரண்டு ஓணான்களுக்குக் கலியாணம் செய்து வைத்தேன். தரகர், ஐயர், படம்பிடிப்பவர் எல்லாம் நானேதான். நாள் மட்டும் பார்க்கவில்லை.

ஓணான்கள் என்னுடையவை அல்ல. டுசல்டோர்ஃபில் எங்கள் வீட்டுக் கூரையறையில் இருந்த சித்தப்பாவுடையவை. சித்தப்பாவுக்கு ஒரு உணவகத்தின் குசினியில் வேலை. யாழ்ப்பாணம் போய்க் கலியாணம் செய்து, ஒரு மாதத்தில் தனியாகத் திரும்பி வந்தவர். சித்தி இங்கே வருவதென்றால் முதலில் அங்கே ஜெர்மன் பரீட்சையில் தேற வேண்டும், பிறகுதான் விசா. இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் சித்தி தவறிவிட்டார். எனக்கு அது விளங்கவேயில்லை. நான் நாள் முழுக்க ஜெர்மன்தான் பேசினேன், ஒருவரும் எனக்குப் பரீட்சை வைக்கவில்லை.

முதலில் ஆண் ஓணான் வந்தது. குசினியில் சித்தப்பாவோடு வேலை செய்தவர் வீடு மாறும்போது கண்ணாடிப் பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போனார். பார்ட்டகாமே என்று பெயர். தாடி வைத்த ஓணான் என்றால் எங்கள் ஆட்களுக்கு விளங்கும். "வேலியாலை போன ஓணானைப் பிடிச்சு மடியுக்கை விட்ட கதைதான் இது," என்றார் அம்மா. சில மாதம் கழித்துச் சித்தப்பா ஒரு பெண்ணையும் வாங்கி வந்தபோது அம்மாவுக்குப் பழமொழித் தட்டுப்பாடு வந்துவிட்டது.

பெண்ணுக்குத் தனிப் பெட்டி, தனி விளக்கு. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் ஒரு மட்டை, ஒன்றை ஒன்று பார்க்கக்கூடாதாம். குட்டிகள் வேண்டுமென்றால் அதற்கும் ஆயிரம் சட்டம். இரண்டும் குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்க வேண்டும். பெண்ணுக்கு எடை ஏற வேண்டும். பிறகு சேர்த்தாலும் நாலைந்து நாள்தான், அதுவும் ஆள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். எடையைச் சித்தப்பா அம்மாவின் மாத் தராசில்தான் பார்த்தார். அது அம்மாவுக்குத் தெரியவந்த நாளில் எங்கள் வீட்டுக்குப் புதுத் தராசு வந்தது.

"ஏன் சித்தப்பா, சும்மா சேத்து விடுங்கோவன்."

"சேத்து விட்டால் கடிபடும் பிள்ளை."

"அம்மாவும் அப்பாவும் ஒவ்வொரு நாளும்தானே கடிபடினம். அவையள் ஒரே வீட்டிலைதானே இருக்கினம்?"

கீழே அப்பா சிரித்த சத்தம் கேட்டது. அம்மா சிரித்த சத்தம் கேட்கவில்லை.

"சித்தி வரட்டும்," என்றார் சித்தப்பா. "அவவும் நானுமாச் சேந்துதான் விடுவம். அவவுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன்."

சித்தப்பா மத்தியான வேலை முடிந்து வந்ததும் சித்தி அழைப்பார். கைபேசியில் படம் தெறித்துத் தெறித்து நிற்கும். "கேக்குதோ? இப்ப கேக்குதோ?" என்று சித்தப்பா கையை ஆட்டுவார். அழைப்பு அறுந்த பிறகும் அந்த இரண்டு பெட்டிகளுக்கும் முன்னால் குந்தியிருப்பார். அவர் முகத்தை வைத்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஓணான்கள் தனித்தனியாக இருப்பதுதான் அவருக்குக் கவலை. பாவம், மனுசனுக்கு உதவி செய்ய ஒருவருமில்லை.

சிநேகிதர் ஒருவரின் கலியாணத்துக்குச் சித்தப்பா பாரிஸ் போன வெள்ளிக்கிழமை, அறைத் திறப்பு என் கைக்கு வந்தது. காலையில் கீரை, பின்னேரம் வெட்டுக்கிளி. "ரெண்டையும் சேக்கப்படாது," என்று மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும், "ஓம் சித்தப்பா," என்றேன். அவர் ரயில் ஏறியிருக்கக்கூட மாட்டார், நான் பெண்ணைத் தூக்கி ஆணின் பெட்டியில் விட்டேன்.

ஆணின் தாடி கரியாகக் கறுத்தது. தலையை மேலும் கீழும் ஆட்டினான். ஓம் என்கிறான் மாப்பிள்ளை! பெண் ஒரு முன்னங்கையைத் தூக்கி மெல்ல வட்டமாகச் சுழற்றினாள். வணக்கம் சொல்கிறாள் என்று நானும் கை காட்டினேன்.

சனிக்கிழமை போய்ப் பார்த்தால் விளக்கின் கீழே, கல்லின் மேல், அவள் தட்டையாகப் படுத்திருக்க அவன் அவள்மேல் படுத்திருந்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாவின் கைபேசியைக் களவாக எடுத்துப் படம் பிடித்துச் சித்திக்கு அனுப்பினேன். "சித்தி, பாருங்கோ, கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுத்திருக்கினம்," என்று குரலும் அனுப்பினேன்.

மின்விசிறிச் சத்தத்தோடு சித்தியின் பதில் வந்தது. "என்ன வடிவாக் கிடக்குதுகள்," என்றார். "நான் கெதியா வாறன் எண்டு சித்தப்பாட்டைச் சொல்லு."

ஞாயிறு காலையில் பெண் மரக்கட்டைக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தாள். கீரை வேண்டாம், வெட்டுக்கிளி வேண்டாம். புதுப்பெண்ணுக்கு வெட்கம் என்று கீழே போய்விட்டேன். பின்னேரம் சித்தப்பா வந்து குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே குனிந்து பார்த்தார். அவளை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு வைத்தார். வால் நுனி இல்லை, கழுத்தில் காயம். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் அழுது கணக்கை முடித்திருப்பேன்.

மறுநாள் மிருக வைத்தியரிடம் போனோம். மொழிபெயர்க்க நான். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை என்னைப் பற்றிச் சொல்லும் முறைப்பாடுகளில் பாதியை விழுங்கிவிட்டு மீதியைப் பாராட்டாக மாற்றித்தான் நான் அம்மாவிடம் சொல்வது. அன்று ஒன்றையும் விழுங்க முடியவில்லை. என் பக்க நியாயமாகப் படத்தைக் காட்டினேன். வைத்தியர் பார்த்துவிட்டு மெதுவாகவே சொன்னார். நான் சித்தப்பாவின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு மொழிபெயர்த்தேன்.

"இது கட்டிப்பிடிக்கிறது இல்லையாம். விளக்குச் சூடு அவளுக்குக் கிடைக்கவிடாமல் மேலை ஏறிப் படுத்திருக்கிறானாம். கை காட்டினது வணக்கம் இல்லையாம். நான் தோத்துட்டன், என்னை அடியாதை எண்டு சொல்லுறதாம்."

சித்தப்பா தலையாட்டினார். "பிழைப்பாளோ எண்டு கேள்."

அதைக் கேட்கத்தான் எனக்கு ஜெர்மன் வரவில்லை.

பிழைத்தாள். ஒன்பதாம் நாள் சித்தப்பாவின் கையிலிருந்து ஒரு வெட்டுக்கிளியை வாங்கித் தின்றாள். அன்றைக்கு அவர், "சித்திக்கு இதொண்டும் சொல்லாதை," என்றார். சித்தியின் ஏச்சிலிருந்து என்னைக் காப்பாற்றுகிறார் என்று நினைத்து என் சொக்லேட்டில் பாதியை அவருக்குக் கொடுத்தேன். பெரிய தியாகம், அது பருப்பு வைத்த சொக்லேட்.

அந்தப் படத்தைச் சித்தி தன் எண்ணுக்கு முகப்புப் படமாகப் போட்டிருந்தார். அவர் வந்துசேர இன்னும் ஒன்றரை வருசம் எடுத்தது. அதுவரைக்கும் அதை மாற்றவில்லை. இப்போது வளர்ந்து, நானும் கார்ஹிங் என்ற வேறொரு ஊரில் ஒரு கூரையறையில், வரவேண்டிய ஒரு அழைப்புக்காகக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்த அறைதான் கண்ணில் வருகிறது. அப்போதெல்லாம் ஒவ்வொரு பின்னேரமும் சித்தப்பாவின் கைபேசி அடிக்கும். விளக்கின் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும் அந்த இரண்டு ஓணான்களும் திரையில் எழும்பி வரும். சித்தப்பா உடனே எடுக்கமாட்டார். அடிக்க அடிக்கப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

பச்சைப் பொத்தான் எங்கே என்று தேடுகிறார் என நினைத்து, நானே எட்டி அழுத்திவிடுவேன்.