ரஷீத் பாயும் வெதரில் துரையும்

ஆம்பூரில் ரஷீத் அஹமதுவின் முகம் தெரியாதவர்கள்கூட அவர் நடையைத் தெரிந்து வைத்திருந்தார்கள். தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு, அங்கிருந்து மறுபடி ஷாப்புக்கு என்று எந்நேரமும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட நடை. பதனிட்ட ஆட்டுத்தோலைத் தரம் பிரிக்கும் வேலை அவருக்கு. தோலைத் தடவும்போது மட்டும் அந்தக் கைகள் நிதானமாக இருக்கும். வேலை முடிந்தால் போச்சு, மனுஷனைப் பிடித்து உட்கார வைக்க முடியாது.

இத்தனைக்கும் காரணம் ஒரு அமெரிக்கர். ஜோனஸ் வெதரில் என்று பேர். மலைப்பாதையில் ரயில் ஓட்டுகிறவர்களைப் பற்றிக் கதை எழுதி அவர் ஊரிலே பெரும் புகழ் பெற்றவர். ரஷீத் வேலூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் சும்மா கிடந்தது. ஒரு தடவை மெட்ராஸ் பெரியமேட்டுத் தோல் மண்டியில் யாரோ துரை போட்டுவிட்டுப் போன வெதரில் புத்தகத்தைப் புரட்டினார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஊருக்குத் திரும்பும் ரயிலில் ஆம்பூரைத் தாண்டி வாணியம்பாடியில் இறங்கினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதிலிருந்து சேர்க்க ஆரம்பித்தார். வெதரிலின் புத்தகங்கள், அவர் படம் போட்ட சிகரெட் அட்டை, அவர் எங்கோ பேசிய கூட்டத்தின் நோட்டீஸ் எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் சேர்ந்தன. தோல் குடோனில் பூச்சிக்கு வைக்கிற மாதிரி அதிலும் நாப்தலின் உருண்டை. வேலூரிலோ ராணிப்பேட்டையிலோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஊருக்குக் கிளம்புகிறது, சாமான்களை விற்கிறது என்று காதில் விழுந்தால் போதும், பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார்.

"அந்தத் துரைக்கு நம்ம பேரு தெரியுமா? அவருக்காக இன்னாத்துக்கு இப்படிப் பேஜார் பட்றீங்க?" என்பாள் மனைவி அக்தரி பேகம். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே சிரிப்பார்.

வேலூரில் ஒரு அமெரிக்க டாக்டரம்மாவிடம் வெதரிலின் முதல் புத்தகம் இருந்தது, முதல் அச்சு. அந்த அம்மாளின் அப்பாவுக்கு வெதரில் தாமே கொடுத்தது. முன்பக்கத்து வெற்றுத்தாளின் மூலையில் பென்சிலால் இரண்டு வரி எழுதி, பேரும் போட்டிருந்தார். ஊருக்குப் போகும்போது தருகிறேன் என்று அந்த அம்மாள் சொன்ன நாளிலிருந்து ரஷீதுக்குத் தூக்கம் போயிற்று. மெட்ராஸ் பழைய புத்தகக் கடைக்காரன் முந்திக்கொண்டால்? புத்தகம் கைக்கு வந்தால், நல்ல ஆட்டுத்தோலில் பைண்டு பண்ணி ஒரு குர்ஆன் பள்ளிவாசலுக்குத் தருகிறேன் என்று நேர்ந்துகொண்டார்.

புத்தகம் வந்தது. பிரித்துப் பார்த்தார், கையெழுத்து இருந்தது. கண் கலங்கிவிட்டது. ஆனால் மூடியபோது உள்ளங்கையெல்லாம் சிவப்புத் தூள். மேலட்டைத் தோல் இற்றுப்போய்ச் செங்கல்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. வேறு யாராவது என்றால் துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். ஆம்பூர்க்காரர் வீட்டில் செத்த தோலா? அது அவருக்கு மானப் பிரச்சினை.

"பழசு பழசாவே இருக்கட்டுங்க, கை வெக்காதீங்க," என்றாள் அக்தரி. கேட்டால்தானே.

தாமே பொறுக்கிய இரண்டு தோல்களையும், அந்தப் புத்தகத்தையும், நேர்ச்சைக்கு வாங்கிய குர்ஆனையும் கொண்டுபோய் பைண்டர் சர்தார் பாஷாவிடம் கொடுத்தார். "மேல்தோலை மட்டும் மாத்து, உள்ளே ஒண்ணும் தொடாதே," என்று சொல்லி எதிரிலேயே உட்கார்ந்தார். பசை காய்ச்சுவதற்குள் இருப்புக் கொள்ளவில்லை. வாணியம்பாடி வக்கீல் ஒருவர் வீட்டில் வெதரில் படம் தொங்குகிறதாமே என்று ஞாபகம் வர, கிளம்பிப் போய்விட்டார். அங்கே தொங்கியது வேறு யாரோ தாடிக்காரர்.

வெள்ளிக்கிழமை இரண்டையும் வாங்கிக்கொண்டு, போகிற வழியிலேயே குர்ஆனைப் பள்ளிவாசலில் கொடுத்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லி அப்துல் வஹீத் கையேந்தி துஆ செய்து வாங்கி வைத்தார். வீட்டில் வந்து புத்தகத்தைத் திறந்தால் முன்தாள் இல்லை. பின்தாளும் இல்லை. செருப்பில்லாமல் ஓடினார்.

"பழைய அட்டையோட ஒட்டிக்கிட்டு வந்திடிச்சு பாய்," என்றார் சர்தார் பாஷா. "நல்ல கெட்டித் தாளு, தூக்கிப்போட மனசு வரல. குர்ஆன் அட்டைக்குள்ள விறைப்புக்கு வெச்சிட்டேன்."

"எழுத்து இருந்திச்சேப்பா அதுல!"

"மூலையில பென்சில்ல ஏதோ இருந்திச்சு. கடைக்காரன் போட்ட வெலைன்னு நெனச்சேன். குர்ஆனுக்கு அச்சடிச்ச காகிதம் வெக்கமாட்டேன் பாய். வெள்ளைத்தாளு அதான் இருந்திச்சு."

பயபக்தியோடு செய்த வேலையை என்னவென்று திட்டுவது?

ரஷீத் நேராக முத்தவல்லியிடம் போனார். அந்தக் குர்ஆனைத் திருப்பித் தந்தால், பதிலுக்கு இரண்டு புதுக் குர்ஆன் தருவதாகச் சொன்னார். அப்துல் வஹீத் பொறுமையாகக் கேட்டார். "அல்லாவுக்குன்னு குடுத்தாச்சு, வக்ஃப் ஆயிடுச்சு. நானே நெனச்சாலும் திருப்பித் தர முடியாது. வாங்க, உக்காந்து ஓதுங்க. யாரு வேணாங்கறது?"

போய் உட்கார்ந்தார், தினமும். வாய் ஓதும், கட்டைவிரல் அட்டையைத் தடவும். தோலைத் தடவியே பிழைத்த விரல். தாள் முடிகிற விளிம்பு அதற்கு அப்பட்டமாகத் தெரிந்தது. இவ்வளவு பக்கத்தில், ஒரு ஆட்டுத்தோல் கனத்துக்கு அப்பால். ஓதுவது ஒன்றும் மனசில் நிற்கவில்லை. வெட்கமாக இருந்தது, ஆனாலும் விரல் நிற்கவில்லை. ஷாப்பில் முதல் தரத்தையும் மூன்றாம் தரத்தையும் ஒரே அடுக்கில் போட்டார்.

கடைசியில் ஒருநாள் சட்டைப்பையில் சின்னக் கத்தியோடு போனார். அட்டையை உள்பக்க ஓரத்தில் கீறி, தாளை உருவி, பசை போட்டு மூடினால் யாருக்குத் தெரியும்? அக்தரியிடம் மட்டும் சொல்லியிருந்தார். மதியத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் காலியாகும்வரை காத்திருந்து, குர்ஆனை மடிப்பலகையில் வைத்தார். கை பைக்குள் போனது.

பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ஷாப்பில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கும் முனீர் அகமது. நகமெல்லாம் பட்டைக் கறை, தேய்த்துக் கழுவியும் போகாதது. குர்ஆனைப் பார்த்தபடி காத்திருந்தான்.

"இன்னா முனீர்?"

"நீங்க ஓதி முடிச்சாத் தாங்க பாய். இதுலதான் எழுத்து பெருசா இருக்குது. நீங்க போனப்புறம் தெனமும் இதைத்தான் எடுப்பேன். குடுத்தவங்க யாரோ, அவங்களுக்கும் சேத்து துஆ கேப்பேன்."

ரஷீத் பையிலிருந்து வெறுங்கையை எடுத்தார். குர்ஆனை இரண்டு கையாலும் தூக்கி அவனிடம் கொடுத்துவிட்டு, அவன் ஓத ஆரம்பிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

வீட்டு வாசலிலேயே அக்தரி நின்றிருந்தாள். "எடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன்."

"அதான் அன்னிக்கே குடுத்தீங்களே."

"இல்ல அக்தரி," என்றார். "இன்னிக்குத்தான் குடுத்தேன்."