சென்னையிலிருந்து மும்பைக்கு ‘ரெண்டு மணி நேரம்தானே?’

திங்கட்கிழமை காலை பல் தேய்த்ததும் முதல் வேலையாக என் கைப்பையை எதிர்வீட்டுக் கோமதி மாமியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். மந்தைவெளியில் எங்கள் வீட்டில் இன்னும் இந்த வழக்கம் உண்டு. கிளம்பும் நேரம் ராகுகாலத்தில் விழுந்தால், அதற்கு முன்பே ஒரு பையை வேறு வீட்டில் வைத்துவிட வேண்டும். பரஸ்தானம் என்பார்கள். “ஏழரைக்குள்ள வெச்சுட்டா கிளம்பினதா ஆயிடும்” என்றார் மாமியார்.

மும்பையில் தனியாக இருக்கும் அப்பாவுக்கு அன்று மூன்று மணிக்கு இதய அறுவை சிகிச்சை. உள்ளே போகுமுன் அவரைப் பார்த்துவிட வேண்டும். வேறு நினைப்பே இல்லை எனக்கு. விமானம் 10.45க்கு. வான்வழித் தூரம் சுமார் 1,030 கி.மீ., பயணம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். “ரெண்டு மணி நேரம்தானே, பதறாம வா” என்று அப்பா போனில் சொல்லியிருந்தார்.

எட்டு மணிக்குப் பையை எடுக்கப் போனால் எதிர்வீடு பூட்டியிருந்தது. ஆதார், பர்ஸ், போன் எல்லாம் அதற்குள். மாமியாரின் போனிலிருந்து என் எண்ணை அழைத்தேன். பூட்டிய கதவுக்குப் பின்னால் மணி அடித்தது. மாமியின் போனும் அங்கேயேதான் அடித்தது.

“நீங்கதானேம்மா வைக்கச் சொன்னேள்?” என்றேன் மாமியாரிடம்.

“பையை வைன்னேன். ஆத்துல இருக்கறதையெல்லாம் அதுல அடைச்சுண்டு வைன்னேனா?”

எட்டரைக்கு மாமி கீரைக்கட்டோடு வந்தார். “ஒம்போது வரைக்கும் ராகுகாலமாச்சே. அது முடிஞ்சுதானே நீ வருவேன்னு மார்க்கெட்டுக்குப் போனேன்.” அவர் சொன்னதிலும் தப்பில்லை.

கிடைத்த ஆட்டோவில் ஏறினேன். அடையாறு தாண்டவே அரை மணி நேரம்.

“கிண்டில ஜாம் கீதுமா. ஃபிளைட்டு எத்தினி மணிக்கு?”

“பத்தே முக்கால்.”

“இன்னாமா நீ, இப்போ கெளம்பிக்கினு வர. கெட்டியா புட்ச்சிக்கோ.”

பதினாறு கி.மீ.க்கு எழுபது நிமிடம், 450 ரூபாய். விமானத்தைப் பிடித்துவிட்டேன். ஆனால் அது ஓடுபாதையிலேயே அரை மணி நேரம் நின்றது. மும்பையில் இறங்கி, டாக்ஸி வரிசையில் நின்று, செம்பூரில் மருத்துவமனையை அடைந்தபோது 2.45.

அப்பாவின் பக்கத்து வீட்டு செல்வம் அண்ணன் வெளியே நின்றிருந்தார். “இப்பதாம்மா உள்ள கூட்டிட்டுப் போனாங்க. முந்தின ஆபரேஷன் சீக்கிரம் முடிஞ்சிருச்சாம். ‘மெட்ராஸ்தான், ரெண்டு மணி நேரத்துல வந்துருவா’ன்னு நர்ஸை நிறுத்தி வச்சுப் பார்த்தாரு.”

மறுநாள் காலை அப்பா கண் திறக்கும்வரை அந்த வாக்கியம் என்னை உட்காரவிடவில்லை. இப்போது நலமாக இருக்கிறார்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாதீர்கள். எனக்கு வாசலிலிருந்து வாசல்வரை ஆறேகால் மணி நேரம் ஆனது. முக்கியமான காரியமென்றால் முந்தைய நாளே போய்ச் சேருங்கள். பரஸ்தானம் வைப்பவர்கள் மாற்றுத்துணி மட்டும் வையுங்கள்.

இத்தனை வருடமாக நானும் எல்லோரிடமும் “ரெண்டு மணி நேரம்தானே” என்றுதான் சொல்லிவந்தேன். வியாழக்கிழமை திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்யப்போகிறேன். அலுவலகத்தில் மும்பைக் கிளைக்கு மாற்றல் கேட்டு, அப்பாவோடு தங்கப்போகிறேன். அவருக்கோ, சென்னையில் என் வீட்டில் இருப்பவர்களுக்கோ இது இன்னும் தெரியாது.